மலையில் பருப்பு வேக வைப்பது எப்படி: உங்கள் ஊரின் கொதிநிலையை அளந்து சமைக்கும் முறை

ஊட்டிக்கு மாற்றலாகி வருகிற குடும்பங்களில் முதல் வாரமே ஒரு புகார் கிளம்பும்: பருப்பு வேகவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார் என்பார்கள். தண்ணீர் சரியில்லை என்பார்கள். சிலிண்டரை அசைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் தீயை இன்னும் கூட்டி வைப்பார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. தண்ணீர் ஏற்கெனவே தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால், தீயைக் கூட்டும்போது தண்ணீர் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். பருப்பு ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது.

நான் தூத்துக்குடிக்காரி. கடல் மட்டத்தில் சமையல் கற்றுக்கொண்டு, திருமணத்துக்குப் பிறகு 2,240 மீட்டர் உயரத்தில் சமைக்க வந்தவள். இங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் "எந்த ஊரில்?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை. செல்சியஸ் 1742-ல் தன் அளவுகோலை முன்வைத்தபோதே, கொதிநிலை காற்றழுத்தத்தோடு சேர்ந்து மாறும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். நம் நினைவில் 100 மட்டும் தங்கிவிட்டது, காற்றழுத்தம் நழுவிவிட்டது. மலையில் வாழ்கிறவர்களுக்கு அந்த நழுவிப்போன பாதிதான் முக்கியம்.

முதலில் காரணம்

தண்ணீர் சூடாகும்போது அதற்குள் நீராவிக் குமிழிகள் உருவாகப் பார்க்கும். வெளியே உள்ள காற்றோ நீர்ப்பரப்பை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. குமிழிக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் அந்த வெளி அழுத்தத்துக்கு ஈடாகும்வரை குமிழி நிலைக்காது, நசுங்கிவிடும். எந்தச் சூட்டில் ஈடாகிறதோ அதுவே கொதிநிலை. கடற்கரையில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். அதற்கு ஈடுகொடுக்க தண்ணீர் 100 டிகிரி வரை ஏற வேண்டும். ஊட்டியில் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைவு. அழுத்தம் 780 மில்லிபாரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 93 டிகிரியை நெருங்கும்போதே தண்ணீர் கொதித்துவிடுகிறது.

கொதிக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே போய்விடும். சூடு அதற்கு மேல் ஏறாது. குமிழி பார்ப்பதற்கு வேகமாகத் தெரியும், ஆனால் பருப்பை வேக வைப்பது குமிழி இல்லை, சூடு.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் செய்து காட்டுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீரை 70 டிகிரி அளவுக்கு ஆற விட்டு, சிரிஞ்சில் கால் பங்கு இழுத்துக்கொள்ளுங்கள். முனையை மேலே பிடித்து உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள். முனையை அதற்கான மூடியால் அடைத்துவிட்டு உந்துதண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். தண்டை விட்டதும் குமிழிகள் காணாமல் போய்விடும், ஏனென்றால் ஆவி மறுபடியும் தண்ணீராகிவிட்டது. ஏற்கெனவே கொதிக்க வைத்த தண்ணீர் எதற்கென்றால், பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் குமிழியாக வரும். எது காற்று, எது ஆவி என்று தெரியாமல் போகும். சூடான தண்ணீர் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள்தான் இழுக்க வேண்டும்.

உங்கள் ஊரில் எத்தனை டிகிரி

தோராயக் கணக்கு சுலபம். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரியைக் கழியுங்கள். மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர்; அங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். குன்னூர் 1,850 மீட்டர், சுமார் 94. இலங்கையின் நுவரெலியா 1,868 மீட்டர், அதுவும் 94-ஐ ஒட்டியே. ஏற்காட்டில் 95, கொடைக்கானலில் 93-க்குச் சற்று மேல். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அங்கே அடுப்பு மூட்டினால் 91½ டிகிரியில் கொதித்துவிடும். லடாக்கில் லே நகரம் 3,500 மீட்டர். 89 டிகிரிகூடத் தாண்டாது.

ஆனால் கணக்கை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. அளக்கும்போது உங்கள் தெர்மாமீட்டர் எவ்வளவு பிசகுகிறது என்பதும் தெரிந்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது 42 டிகிரியோடு நின்றுவிடும். சமையலுக்கென்று விற்கும், கம்பி நீட்டிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

முதலில் பனிக்கட்டியை நுணுக்கி, ஒரு டம்ளரில் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கம்பியை நடுவில் வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 0.5 காட்டினால் கடைசியில் அந்த அரை டிகிரியைக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் உயரமான பாத்திரத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் மிகத் துல்லியம், குழாய்த் தண்ணீர் என்றாலும் பெரிய வித்தியாசம் வராது. கம்பி பாத்திரத்தின் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் அடுப்பின் சூட்டைத்தான் அளப்பீர்கள். நான் கம்பியின் முனையைத் தண்ணீருக்குள் விடாமல், நீர்ப்பரப்புக்கு ஒரு விரற்கடை மேலே, ஆவியில் பிடிக்கச் சொல்வேன். வழுவழுப்பான பாத்திரத்தில் தண்ணீர் தன் கொதிநிலையைவிடச் சற்று அதிகமாகச் சூடேறிவிட்டுத்தான் குமிழி விடும். மேலே வரும் ஆவியோ அந்த இடத்துக் காற்றழுத்தம் விதித்த சூட்டில் நிலையாக நிற்கும். மூடியைப் பாதி மூடி வைத்தால் குளிர்காற்று உள்ளே புகாது. எண் ஒரே இடத்தில் ஒரு நிமிடம் நின்றால் அதுதான் உங்கள் வீட்டுக் கொதிநிலை. ஒரு சீட்டில் எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இந்த வேலையையே ஒரு காலத்தில் உயரம் அளக்கச் செய்தார்கள். 1787-ல் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சிக்கு ஏறிய ஸொஸ்யூர் என்ற விஞ்ஞானி அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்து அளந்தார். 1848 முதல் 1850 வரை சிக்கிம் பக்கம் இமயமலையில் தாவரங்களைத் தேடி அலைந்த ஜோசப் ஹூக்கரும், ஏறிய இடங்களின் உயரத்தைக் கணக்கிட கொதிநிலைத் தெர்மாமீட்டரைப் பயன்படுத்தினார். 100-லிருந்து உங்கள் எண்ணைக் கழித்து, வந்ததை 300-ஆல் பெருக்கினால் உங்கள் வீட்டின் உயரம் மீட்டரில் ஓரளவு சரியாகவே வரும்.

மழை நாளில் எண் மாறுமா என்று கேட்பார்கள். மாறும், ஆனால் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. கடற்கரையில் பெரும்புயல் நெருங்கி அழுத்தம் 960 மில்லிபாருக்கு இறங்கினால்கூட கொதிநிலை 98½-க்குத்தான் வரும். சமையலுக்கு வானிலையைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. உயரத்தை மட்டும் எடுங்கள்.

பருப்பும் குக்கரும்

7 டிகிரி ஒரு பெரிய விஷயமா? உணவு வேகும் வேகம், 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ பாதியாகும் என்பது தோராய விதி. அந்தக் கணக்கில் 7 டிகிரி குறைந்தால் நேரம் 1.6 மடங்கு ஆகும். தூத்துக்குடியில் 30 நிமிடத்தில் திறந்த பாத்திரத்தில் குழைகிற பருப்புக்கு இங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் இளகினால்தான் பருப்பு குழையும். அது சூட்டைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் பருப்பும் கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் மலையில் எல்லாரையும்விட அதிகம் அடம் பிடிக்கும்.

இவற்றுக்கு குக்கர்தான் சரியான வழி, தயங்கவே வேண்டாம். 1679-ல் டெனி பாப்பேன் என்பவர் லண்டனில் ராயல் சொசைட்டி முன்னால் தன் ஆவிப் பாத்திரத்தைக் காட்டினார். எலும்பையே மிருதுவாக்கியது அது. நம் குக்கர் அதன் வாரிசு. ஆவியை வெளியே விடாமல் அடைத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை மேலே தள்ளுகிறது.

ஆனால் குக்கரும் மலையில் சற்று இறங்கித்தான் வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெயிட் சேர்த்துக் கொடுப்பது சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம். அது வெளியே இருக்கும் அழுத்தத்தோடு கூடுகிறது. வெளியே குறைவென்றால் மொத்தமும் குறைவு. கடற்கரையில் குக்கருக்குள் 120 டிகிரி என்றால் ஊட்டியில் 116. இந்த 4 டிகிரிக்கு நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே ஊட்டியில் திறந்த பாத்திரத்தோடு ஒப்பிட்டால் குக்கர் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம்.

விசில் எண்ணுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சமவெளியில் எழுதிய குறிப்பில் "3 விசில்" என்று இருப்பதை இங்கே எத்தனை விசிலாக மாற்றுவது என்று யாராலும் சொல்ல முடியாது. தீ கூடினால் விசில் அடுத்தடுத்து வரும், குறைந்தால் வரவே வராது; அது நேரத்தைக் காட்டும் கடிகாரம் இல்லை. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து அங்கிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். சமவெளியில் துவரம்பருப்புக்கு 8 நிமிடம் என்றால் ஊட்டியில் 11. ஊறவைத்த கொண்டைக்கடலைக்கு 15 என்றால் 20. அடுப்பை அணைத்த பிறகு குக்கரைக் குளிர்ந்த தண்ணீரில் காட்டாமல் தானாக அடங்க விடுங்கள். நம் குளிர்ந்த சமையலறையில் அது வேறு சீக்கிரம் ஆறிவிடும். அந்த அடங்கும் நேரத்திலும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது.

வெயிட் மேல் வேறெதையாவது வைத்து அழுத்தத்தைக் கூட்டலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. குக்கரும் அதன் பாதுகாப்பு வால்வும் அந்த வெயிட்டை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. நேரத்தைக் கூட்டுங்கள், எடையைக் கூட்டாதீர்கள்.

என் மாமியார் இந்த மலையிலேயே பிறந்தவர். குக்கர் இல்லாத காலத்தில் மண்சட்டியை மூடி, மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பார்களாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடிமேல் 3 கிலோ வைத்தால் கூடும் அழுத்தம் 10 மில்லிபாருக்குள்தான். கொதிநிலை மூன்றில் ஒரு பங்கு டிகிரி ஏறும். குக்கர் வெயிட் அதைவிட எவ்வளவோ லேசு, ஆனால் அது உட்காரும் துளை மிகச் சிறியது. எடை முழுவதும் அந்தச் சின்னப் பரப்பில் இறங்குவதால்தான் அவ்வளவு அழுத்தம். ஆனாலும் குழவி வீண் இல்லை. ஆவி தப்பாமல் தண்ணீரும் விறகும் மிச்சமாகியிருக்கும். அத்தைக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது, "பருப்பை ராத்திரியே ஊறப்போட்டிருப்போம், அதைக் கணக்கில் சேர்த்தியா?" என்று கேட்டார். மிகச் சரி. ஊறவைப்பதுதான் பாதி வேலை.

கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் 10 மணி நேரம் ஊற வேண்டும். டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீர் சில்லென்று வரும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். துவரம்பருப்புக்கு அரை மணி போதும். புளி, தக்காளி இரண்டையும் பருப்பு குழைந்த பிறகே சேர்க்க வேண்டும், புளிப்பு அந்தப் பெக்டினை இளக விடாது. ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் குழையும் என்பது உண்மை. அதோடு பருப்பில் உள்ள பி1 வைட்டமினும் குறையும் என்பதால் நான் போடுவதில்லை. உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் சொல்வார்கள். ஏறும்தான், ஆனால் ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. ருசிக்கு மட்டும் போடுங்கள்.

மற்றவை

சோறு அவ்வளவு தொல்லை தராது. அரிசியின் மாவுச்சத்து 65 டிகிரிக்கு மேலேயே இளக ஆரம்பித்துவிடும், 93 தாராளம். வடித்த சாதம் என்றால் அரை மணி ஊறவைத்து, தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வைத்து, சில நிமிடம் அதிகம் விட்டால் சரியாகிவிடும். முட்டை முழுதாக வேக சமவெளியில் 10 நிமிடம் என்றால் இங்கே 12, 13. இங்கே விளையும் உருளைக்கிழங்கை முழுசாகத் திறந்த பாத்திரத்தில் போட்டுக் காத்திருக்காமல், பாதியாக வெட்டியோ குக்கரிலோ வேகவையுங்கள்.

இட்லிப் பானையில் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால் உள்ளேயும் 93 டிகிரிதான். 10 நிமிட இட்லிக்கு இங்கே 14 நிமிடம் கொடுங்கள். மாவு பொங்காததற்கு மட்டும் உயரத்தைக் குறை சொல்லாதீர்கள். அது குளிரின் வேலை. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பொங்கும்.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, தேயிலைக்கு வேண்டிய முழுச் சூட்டில் தண்ணீர் கொடுக்க முடியாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். கருப்புத் தேநீருக்குக் கொதிக்கிற தண்ணீர் நல்லது. 93 டிகிரியில் சாறு மெதுவாகத்தான் இறங்கும். கெட்டிலை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்கிவிட்டு, தண்ணீர் கொதிக்கும்போதே ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக மூடி வையுங்கள். பால் சேர்த்துக் காய்ச்சும் டீயில் இந்தக் குறை தெரியாது. ஃபில்டர் காபிக்கோ 90 டிகிரிக்கு மேல் இருந்தாலே நல்ல டிகாக்ஷன் இறங்கும். கொதித்ததும் ஆறவிடாமல் உடனே ஊற்ற வேண்டும், அவ்வளவே.

தீபாவளிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பாகு காய்ச்சுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாகின் பதம் என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான். தண்ணீர் 7 டிகிரி முன்னதாகவே கொதிக்கிற ஊரில், பாகும் 7 டிகிரி முன்னதாகவே பதத்துக்கு வந்துவிடும். கடற்கரையில் 105-ல் வருகிற கம்பிப் பதம் இங்கே 98-லேயே வரும். அதிரசத்துக்கு உருட்டுப் பதம் அங்கே 113 என்றால் இங்கே 106. குறிப்பில் உள்ள எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றால் பாகு முறுகி அதிரசம் கல்லாகும். அடுப்புப் பக்கம் ஒட்டிய சீட்டைப் பார்த்து, 100-க்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு பாகுக் குறிப்பிலும் கழித்துவிடுங்கள். விரலில் தொட்டோ தண்ணீரில் விட்டோ பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த முறை எந்த உயரத்திலும் செல்லும்.

கடைசியாகக் குடிதண்ணீர். குறைந்த சூட்டில் கொதிப்பதால் கிருமி சாகாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பாலைப் பாஸ்டரைஸ் செய்வது 72 டிகிரியில் 15 விநாடிதான். 93 டிகிரி அதற்கு எவ்வளவோ மேல். சமவெளியில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம் விட வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வருகின்றன. குன்னூர் அதற்குக் கீழே. ஆனாலும் கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் அங்கேயும் 3 நிமிடம் விட்டு, அதே பாத்திரத்தில் மூடியே ஆறவைத்துக் கொடுங்கள்.